வலியறிதல்

தமிழில் ‘வலி’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வலிமை என்பது ஒன்று. நோவு என்பது மற்றொன்று. முன்னது ஏட்டில் அதிகம் காணப்படுவது. பின்னது நாம் நாள்தோறும் வாயில் புழங்குவது. பலமும் வேதனையும் ஒன்றுக்கொன்று பகை என்றுதான் பொதுவாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். மொழியோ இரண்டையும் ஒரே சொல்லில் குடிவைத்திருக்கிறது. இது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். இருந்தாலும், யோசித்துப் பார்க்கத் தகுந்த தற்செயல்.

திருக்குறளின் 48-ஆவது அதிகாரத்துக்கு ‘வலியறிதல்’ என்று பெயர். ஒரு காரியத்தில் இறங்குமுன் அந்தக் காரியத்தின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, துணைவரின் வலிமை இத்தனையையும் எடைபோட்டுப் பார்க்கவேண்டும் என்பது அதன் சாரம். அரசனுக்குச் சொன்ன அறிவுரை அது. மயிலிறகு இலேசானதுதான், அதையே அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்று வள்ளுவர் எச்சரிப்பதும் அந்த அதிகாரத்தில்தான். அரசர்கள் போய்விட்டார்கள். அச்சும் பாரமும் நம்மிடமே இருக்கின்றன. அந்தத் தலைப்பை ‘நோவை அறிதல்’ என்றும் ஒரு தடவை படித்துப் பார்த்தால் என்ன என்று கொஞ்ச நாளாக எனக்கு ஓர் ஆசை. இலக்கணம் கற்றவர்கள் மன்னிக்க வேண்டும். இந்த ஆசையைக் கிளப்பிவிட்டவர் ஓர் ஓட்டக்காரர்.

சேலத்தில் எனக்குத் தெரிந்த இளைஞர் அவர். கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறார். இருபத்தெட்டு வயது. மாரத்தான் என்று சொல்கிறார்களே, 42 கிலோமீட்டரும் 195 மீட்டரும் ஓடுகிற ஓட்டம், அதை ஒருமுறையாவது நாலு மணி நேரத்துக்குள் ஓடி முடித்துவிட வேண்டும் என்பது அவருடைய இலட்சியம். பரிசு வாங்கும் எண்ணமெல்லாம் கிடையாது. தம்மைவிட வேகமாக ஓடக்கூடியவர்கள் சேலத்திலேயே நூறு பேர் இருப்பார்கள் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். வாரத்தில் நான்கு நாள் ஊருக்குள் ஓடுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடியுமுன் புறப்பட்டுப் போய், சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஏற்காட்டுச் சாலையில் ஏறுவார். இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலை அது. முதலில் மூன்று வளைவு, பிறகு ஐந்து, பிறகு ஏழு என்று கூட்டிக்கொண்டே போவது திட்டம்.

ஓடுவதற்கு மலை எதற்கு என்று கேட்கலாம். பந்தயங்கள் பெரும்பாலும் சமதரையில்தானே நடக்கின்றன? நானும் கேட்டேன், விஷயம் தெரிந்தவர்கள் எழுதியதையும் படித்துப் பார்த்தேன். சமதரையில் ஓடுகிறவன் உடம்பை முன்னே நகர்த்தினால் போதும். மேட்டில் ஓடுகிறவன் ஒவ்வோர் அடிக்கும் தன் எடையைத் தானே தூக்கியாக வேண்டும். கெண்டைக்கால், தொடை, இடுப்பு எல்லாம் கூடுதலாக உழைக்கின்றன. இருதயமும் நுரையீரலும் அவற்றுக்கு ஈடுகொடுக்கப் பழகுகின்றன. ஆனால் வேகம் குறைந்துவிடுவதால், பாதம் தரையில் மோதுகிற அதிர்ச்சி குறைவு. வேகத்தைக் காட்டாமல் பலத்தைச் சேர்ப்பதற்கு மலை நல்ல இடம்.

நியூஸிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்று ஒருவர் இருந்தார். 1917-ல் பிறந்து 2004-ல் மறைந்தவர். காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். எவ்வளவு ஓடினால் உடம்பில் பலம் சேர்கிறது, எவ்வளவுக்குமேல் ஓடினால் உடம்பு கெடுகிறது என்பதைத் தம்மையே சோதனைப் பொருளாக வைத்து, ஆண்டுக்கணக்கில் ஓடிப் பார்த்துத் தெரிந்துகொண்டார். பிறகு அக்கம்பக்கத்துப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஆக்லாந்து நகரத்துக்கு மேற்கே மலைப்பாங்கான வழியில் 22 மைல் சுற்றி வருவது அவர்களுடைய வாராந்தர ஓட்டம். அவர் வகுத்த முறையில் முதலில் பல வாரம் நெடுந்தூர ஓட்டம். அடுத்துச் சில வாரம் மேட்டில் துள்ளி ஏறும் பயிற்சி. அதன் பிறகுதான் வேகம். 1960 செப்டம்பர் 2-ஆம் தேதி, ரோம் ஒலிம்பிக்கில், அந்தப் பையன்களில் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் மரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள்.

அந்த ஹால்பெர்க்குக்கு இடது கை வராது. பதினேழு வயதில் ரக்பி ஆட்டத்தில் பட்ட அடியில் கை சூம்பிப்போயிற்று. உடை உடுத்துவதையும் சாப்பிடுவதையும்கூட அவர் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படிப்பட்டவர் ரோமில் கடைசி மூன்று சுற்று இருக்கும்போதே மற்றவர்களை விட்டு விலகி ஓடி, பிடிபடாமல் வந்து, கோட்டைத் தாண்டியதும் புல்லில் விழுந்தார். இதைப் படிக்கிற யாருக்கும் மெய்சிலிர்க்கும்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. இவ்வளவு பெரிய தடைக்கு ஒரு சௌகரியம் உண்டு. அது தெளிவானது. கை போனது போனதுதான். அதை வைத்துத் தினமும் காலையில் மனத்துக்குள் பட்டிமன்றம் நடத்த வேண்டியதில்லை. இருக்கிற உடம்போடு ஓடுவதா, வேண்டாமா என்ற ஒரு கேள்விக்கு ஒரு தடவை பதில் சொல்லிவிட்டால் போதும். கால் எலும்பு முறிந்தவனும் அப்படித்தான். மாவுக்கட்டே அவனுக்குப் பதிலாகத் தீர்ப்பு எழுதிவிடுகிறது. வம்பு செய்பவை சின்னத் தடைகள்தாம். அவை தீர்ப்பை நம்மிடமே விட்டுவிடுகின்றன.

நம் சேலத்து இளைஞருக்கு வந்தவையெல்லாம் அந்த ரகம். ஒரு வாரம் ஜலதோஷம். இன்னொரு வாரம் புது ஷூ கடித்துக் குதிகாலில் கொப்புளம். ஒரு ஞாயிறு, வளைவில் உட்கார்ந்திருந்த குரங்குக் கூட்டம் வழிமறித்தது. மறு ஞாயிறு கம்பெனியில் ஆடிட். ஒரு நாள் மழை. இவற்றுக்கெல்லாம் அவர் ஏதோ ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார். ஜலதோஷம் கழுத்துக்கு மேலே இருந்தால் மெதுவாக ஓடலாம், மார்புக்கு இறங்கிவிட்டாலோ காய்ச்சல் அடித்தாலோ ஓடக்கூடாது என்று ஓட்டக்காரர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்களாம். நல்ல விதி. விதி இருக்கிற இடத்தில் மனத்துக்கு வேலை குறைவு.

பிறகு, முழங்காலுக்குக் கீழே, கணைக்கால் எலும்பின் உட்பக்கத்தில் ஒரு வலி வந்தது. பெரிய வலி அல்ல. நடக்கும்போது தெரியாது. மலையில் ஏறும்போது இலேசாகத் தெரியும். இறங்கும்போது கொஞ்சம் கூடும். வைத்தியரிடம் போய்ப் படம் எடுத்துப் பார்த்தார். அதன் பிறகு ஒரு நாள் மாலை என்னைப் பார்க்க வந்திருந்தார்.

“டாக்டர் என்ன சொன்னார், தம்பி?” என்று கேட்டேன்.

“எலும்புல இப்போதைக்குக் கீறல் ஒண்ணும் தெரியலையாம் சார். வலிச்சா ஓடாதே, வலிக்கலேன்னா ஓடுன்னாரு.”

“சரிதானே?”

“கொஞ்சமா வலிக்குதே, சார்! கொஞ்சமா வலிச்சா என்ன பண்றது?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. அவர் கேட்டது வைத்தியக் கேள்வி அல்ல என்பது எனக்கும் அடுத்த நிமிஷமே புரிந்தது. “நிறுத்தினா சோம்பேறியாயிடுவேனோன்னு பயமா இருக்கு. ஓடினா முட்டாளாயிடுவேனோன்னு பயமா இருக்கு. ரெண்டுல எதுன்னு எனக்கே தெரியலை” என்றார். கதை எழுதுகிறவனிடம் வந்து கேட்பதற்குத் தகுந்த கேள்விதான் அது.

இதுபோன்ற வலியின் கூறு என்ன என்று சிறிது சொல்லவேண்டும். ஓட ஓடக் குறைகிற இறுக்கம் ஒன்று உண்டு. ஓட ஓட வளர்கிற வலி ஒன்று உண்டு. முன்னதைத் தசை சோம்பல் முறிப்பதாக எடுத்துக்கொள்ளலாம். பின்னதை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. அதிலும் எலும்பின்மேல் ஒரே இடத்தை விரல் நுனியால் தொட்டு ‘இங்கேதான்’ என்று காட்ட முடிந்தால் உஷாராக இருக்கவேண்டும் என்கிறார்கள். எலும்பு ஒரே அடியில்தான் முறியும் என்பதில்லை. ஆயிரக்கணக்கான சின்ன அதிர்ச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, ஆறுவதற்கு அவகாசம் இல்லாதபோது, மயிரிழைபோல ஒரு வெடிப்பு உண்டாகும். ஆரம்பத்தில் எடுக்கிற எக்ஸ்ரே படத்தில் அது பெரும்பாலும் தெரிவதில்லை. ஓர் அடியின் பாரம் மயிலிறகுதான். அச்சு முறிவதும் அதனால்தான். வள்ளுவர் ஓடியவரா என்பது தெரியாது. பாரத்தின் கணக்குத் தெரிந்தவர்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் அந்த இளைஞருடைய கேள்வி தீரவில்லை. ஏனென்றால் வலி வளர்கிறதா, குறைகிறதா என்பதைச் சொல்லவேண்டியவரும் அவரேதான். படத்தில் தெரியாத வலிக்கு வேறு சாட்சி கிடையாது. வாதி, பிரதிவாதி, சாட்சி, நீதிபதி எல்லாம் ஒரே ஆள். அப்படிப்பட்ட வழக்கில் பொய் நுழைவது எவ்வளவு சுலபம்!

நம் எல்லோருக்குள்ளும் இரண்டு பொய்யர்கள் உண்டு. ஒருவன் பெயர் சோம்பல். இன்னொருவன் பெயர் கர்வம். இருவரும் சொந்தப் பெயரில் வருவதே இல்லை. சோம்பல் வரும்போது விவேகத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறான். ‘உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டாமா? சுவர் இருந்தால்தானே சித்திரம்?’ என்பான். கர்வம் வரும்போது வைராக்கியத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறான். ‘இதற்கெல்லாம் உட்கார்ந்தால் நீ ஓர் ஆண்பிள்ளையா? முன்வைத்த காலைப் பின்வைக்கலாமா?’ என்பான். பழமொழிகள் இரண்டு பேருக்குமே தாராளமாகக் கிடைக்கின்றன. எதற்கும் பழமொழி உள்ள மொழியில் பிறந்தவர்களுக்கு இது ஒரு சங்கடம்.

விவேகத்தையும் சோம்பலையும் எப்படிப் பிரித்தறிவது? வைராக்கியத்தையும் கர்வத்தையும்? அறநூல்கள் பெரிய பெரிய அடையாளங்களைச் சொல்லக்கூடும். அந்த இளைஞரிடம் நான் சின்னதாக ஒரு கேள்விதான் கேட்டேன்.

அவருடைய கைக்கடிகாரம் சாதாரணக் கடிகாரமல்ல. எத்தனை தூரம் ஓடினார், எத்தனை மீட்டர் உயரம் ஏறினார், இருதயம் எத்தனை தடவை துடித்தது என்று எல்லாவற்றையும் குறித்து வைத்துக்கொள்கிறது. ஓடி முடித்தவுடன் செல்போன் செயலி அதை நண்பர்கள் பார்க்கும்படி வெளியிட்டுவிடுகிறது. நண்பர்களும் உடனே பாராட்டுகிறார்கள். “அந்தக் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஒருவருக்கும் தெரியாமல் போவதானால், இந்த வலியோடு நாளைக்கு மலை ஏறுவீர்களா?” என்று கேட்டேன்.

அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “மாட்டேன் சார்” என்றார்.

“சரி. வலி அடியோடு போய்விட்டது. அது போனது உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. எல்லோரும் உங்களுக்கு இன்னும் வலிக்கிறதென்றே நினைத்து இரக்கப்படுகிறார்கள். அப்போது ஏறுவீர்களா?”

“அதுக்கென்ன, கட்டாயம் ஏறுவேன்” என்றார், யோசிக்காமலே.

அவரிடம் இருந்தது சோம்பல் இல்லை என்பது அந்த இரண்டாவது பதிலில் தெரிந்துவிட்டது. முதல் பதிலில் எந்தப் பொய்யன் சட்டை மாற்றிக்கொண்டு வந்தான் என்பதும் தெரிந்துவிட்டது. பிறர் பார்வையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் பல வழக்குகளில் தீர்ப்பு தானாகவே வந்துவிடுகிறது. எல்லா வழக்குகளிலும் வரும் என்று சொல்ல மாட்டேன்.

ஏனென்றால் எனக்கு ஒரு பழைய பந்தயம் நினைவுக்கு வருகிறது. 1968 அக்டோபர் 20-ஆம் தேதி, மெக்ஸிகோ நகர ஒலிம்பிக்கில் நடந்த மாரத்தான். கடல் மட்டத்துக்கு 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். சாதாரணமாக ஓடினாலே மூச்சு வாங்கும். அந்தப் பந்தயத்தில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா ஓடினார். 1960-ல் ரோமில் வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்றவர். 1964-ல் டோக்கியோவில், குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்களே ஆன நிலையில் மறுபடியும் வென்றவர். மெக்ஸிகோவில் அவருக்குக் காலில் காயம். ஏறத்தாழ 17 கிலோமீட்டர் ஓடியதும் நின்றுவிட்டார். அவருடைய நாட்டவரான மாமோ வோல்டே தொடர்ந்து ஓடி வென்றார்.

அதே பந்தயத்தில் தான்ஸானியாவின் ஜான் ஸ்டீபன் அக்வாரியும் ஓடினார். வழியில் விழுந்து முழங்காலில் பலத்த அடி. கட்டுப் போட்டுக்கொண்டு, நொண்டி நொண்டி, முதல்வர் வந்து ஒரு மணி நேரத்துக்கும் மேலான பிறகு, பொழுது போய்க் கூட்டமும் பெரும்பாலும் கலைந்துபோன மைதானத்துக்குள் கடைசி ஆளாக வந்து சேர்ந்தார். ஒலிம்பிக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அந்தக் காட்சியைச் சொல்லாமல் விடுவதில்லை.

ஒருவர் நின்றார், ஒருவர் நிற்கவில்லை. யார் செய்தது சரி? உலகம் அக்வாரியை வணங்குகிறது. வணங்கத்தான் வேண்டும். அதற்காகப் பிகிலாவைக் கோழை என்று சொல்ல யாருக்கும் நாக்கு வராது. உடம்பில் தையல் தழும்பு ஆறுமுன் ஓடி வென்ற மனிதர் அவர். அவருக்குத் தைரியத்தை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. டோக்கியோவில் ஓடிய அதே மனிதர்தான் மெக்ஸிகோவில் நின்றார். ஓடுவதற்கு உதவிய அறிவுதான் நிற்பதற்கும் உதவியிருக்க வேண்டும் என்று நான் எண்ணுகிறேன். இரண்டு பேரும் சரி என்பதுதான் என் கட்சி. அவரவர் வலியை அவரவர் அறிந்தார்கள். அதற்கு மேல் வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு மார்க் போடும் உரிமை கிடையாது.

ஆனால் இந்த உதாரணத்தை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்குப் போகிறவர்கள் அக்வாரியைப் போல நொண்டிக்கொண்டு ஏறக்கூடாது. பந்தயம் வேறு, பயிற்சி வேறு. பந்தயம் அறுவடை. வருஷம் முழுவதும் சேர்த்ததை ஒரு நாளில் செலவழிக்கிற இடம் அது. அங்கே ஒருவன் தன்னை முழுக்கச் செலவழித்துக்கொண்டால், அது அவன் தானியம், அவன் விருந்து. பயிற்சியோ விதைப்பு. அங்கே காயம்பட்ட காலை வைத்துக்கொண்டு வீரம் காட்டுவது, விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவது போன்றது. அன்றைக்கு வயிறு நிறையும். அடுத்த போகம் நிலம் தரிசாகக் கிடக்கும். உடம்பு பலம் பெறுவது ஓடுகிற நேரத்தில் அல்ல, ஓடியபின் ஓய்ந்திருக்கிற நேரத்தில்தான் என்று உடலியல் சொல்கிறது. ஓட்டம் உடம்பைக் கலைத்துவிடுகிறது. ஓய்வு அதை முன்னைவிட நன்றாகக் கட்டுகிறது. அப்படியானால் ஓய்வு நாளைப் பயிற்சிக்கு விழுந்த ஓட்டை என்று நினைப்பது தவறு. அதுவும் பயிற்சியில் ஒரு பகுதிதான்.

இளைஞர் மூன்று ஞாயிறு மலைப்பக்கம் போகவில்லை. நாலாவது ஞாயிறு மூன்று வளைவு நடந்து ஏறினார். பிறகு கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை. வலி வளரவில்லை. ஆனால் இறங்கும்போது மட்டும் கால் முணுமுணுத்தது. மலையைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியாத சங்கதி இது. ஏறுவதுதான் கஷ்டம், இறங்குவது சுலபம் என்று நினைக்கிறோம். மூச்சைப் பொறுத்தவரை அது உண்மை. தசைக்கும் எலும்புக்கும் கதை தலைகீழ். இறங்கும்போது ஒவ்வோர் அடியும் உடம்பு கீழே விழுவதுதான். விழுகிற உடம்பைத் தொடை பிரேக் போட்டு நிறுத்தவேண்டும். தசை சுருங்கி உழைப்பதைவிட, நீண்டுகொண்டே தாங்குவது அதற்குக் கடினம். மறுநாளும் அதற்கு மறுநாளும் மாடிப்படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறவர்கள் மலை ஏறியதால் அல்ல, இறங்கியதால்தான் பிடித்துக்கொள்கிறார்கள். வாழ்க்கையிலும் ஏற்றத்தில் விழுந்தவர்களைவிட, ஏறி முடித்துவிட்டோம் என்று கவனம் தளர்ந்து இறக்கத்தில் விழுந்தவர்கள் அதிகம் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு.

அதனால் அவர் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். ஏறுவது ஓடி, இறங்குவது பஸ்ஸில். ஏற்காட்டிலிருந்து வருகிற பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, வியர்த்து வழிந்தபடி உள்ளே ஏறி, பூக்கூடைக்காரர்களோடு நின்றுகொண்டு வருவார். நண்பர்கள் கேலி செய்தார்கள். “பாதி ஓட்டத்துக்கு டிக்கெட் எடுத்தவன்” என்று பெயரே வைத்துவிட்டார்கள். “இது ஏமாத்து வேலையா, சார்?” என்று என்னிடம் கேட்டார். யாரை ஏமாற்றுவதாக நினைக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். மலை யாரிடமும் கணக்குக் கேட்பதில்லை.

இதோடு கட்டுரையை முடித்திருக்கலாம். முடிக்க விடாமல் ஒரு சம்பவம் குறுக்கே நிற்கிறது.

ஒரு நாள் அவருடைய வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் இன்னும் கம்பெனியிலிருந்து திரும்பவில்லை. அவருடைய தாயார் என்னை உட்காரச் சொல்லிவிட்டுக் காப்பி கொண்டுவந்தார். டம்ளரை வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். “முழங்கால் வலியா அம்மா?” என்று கேட்டேன். “சின்ன வலிதாங்கய்யா. ரொம்ப நாளா இருக்குது. நடந்தாச் சரியாப் போயிடும்” என்றார். மகன் கால் குணமாகி வருவதைப் பற்றித்தான் அவர் அதிகம் பேசினார். ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கே எழுந்து அவருக்குக் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பதாகச் சொன்னார். வெறும் வயிற்றோடு மலை ஏறக்கூடாதல்லவா?

சின்ன வலி. மகன் சொன்ன அதே வார்த்தை. ஒரே கூரையின் கீழ் இரண்டு சின்ன வலிகள். ஒன்றுக்கு எக்ஸ்ரே எடுத்தாயிற்று, கடிகாரம் கணக்கு வைத்திருக்கிறது, நண்பர்கள் விசாரிக்கிறார்கள், ஓர் எழுத்தாளன் உட்கார்ந்து தத்துவம் பேசுகிறான். மற்றதற்குச் சுவர்தான் துணை.

நிற்பதா, ஓடுவதா என்று யோசிக்க முடிவதே ஒரு செல்வம் என்று அப்போது எனக்குத் தோன்றியது. அந்த மலைமேலேயே காப்பித் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே கூலிக்குப் போகிற பெண்களும் அதே மேட்டில்தான் ஏறி இறங்குகிறார்கள். முதுகிலோ தலையிலோ சுமையும் உண்டு. காலில் வலி வந்தால் மூன்று ஞாயிறு விட்டுவிட்டு வருகிறேன் என்று அவர்களால் சொல்ல முடியுமா? வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. அவர்களுடைய கால் முணுமுணுப்பதில்லை என்று அர்த்தமில்லை; கேட்பதற்கு அவர்களுக்கு நேரமில்லை. நாமோ அவர்களைப் பார்த்து, ‘என்ன பொறுமை! என்ன உழைப்பு!’ என்று வியந்து பாராட்டுகிறோம். தாய்மார்களின் பொறுமையைப் பாடுவதில் நம்மவர்களுக்குச் சலிப்பே கிடையாது. நிற்க முடியாதவர்களின் ஓட்டத்தை வைராக்கியம் என்று புகழ்வதில் ஒரு தந்திரம் இருக்கிறது. அந்தப் புகழ்ச்சிக்குப் பிறகு அவர்கள் நிற்பதற்கு வழிசெய்ய வேண்டிய கடமை நமக்கு இல்லாமல் போய்விடுகிறது. அவர்களுடைய பொறுமையால் ஆதாயம் அடைகிறவர்களே அதை அதிகம் புகழ்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். வேளைக்குக் கஞ்சி கிடைக்கிறவன், கஞ்சி காய்ச்சுகிறவளின் முழங்காலைப் பற்றிக் கேட்பதில்லை.

இதனால் அந்த இளைஞர் ஓடுவது தவறு என்றோ, அவருடைய கேள்வி அற்பம் என்றோ நான் சொல்லவில்லை. நிற்கிற சுதந்தரம் உள்ளவன் அதைச் சரியாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வது நல்லதே. தன் வலியைக் கவனித்துப் பழகாதவனுக்குப் பிறர் வலி கண்ணில் படுவதும் கடினம். தன்னை வதைத்துக்கொண்டு ஓடுகிறவன், பிறகு ஊர் முழுவதையும் அப்படியே ஓடச் சொல்வான். ‘நான் பொறுத்துக்கொள்ளவில்லையா?’ என்பான். கடுமையான மேலதிகாரிகளும் கடுமையான மாமியார்களும் பெரும்பாலும் தங்கள் வலியைக் கேட்க மறுத்தவர்களாகவே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதே போல, தன் வலியை மட்டுமே கேட்டுக்கொண்டிருப்பவனும் உருப்படுவதில்லை. அவனுக்கு உலகமே தன் கணைக்கால் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

தாயாரின் முழங்காலைப் பற்றி அவரிடம் நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். “உங்கள் வீட்டில் இன்னொருவரும் மேடு ஏறிக்கொண்டிருக்கிறார், தம்பி. அவருக்கு ஓய்வு நாள் எது?” அவர் முகம் சுருங்கிவிட்டது. “அம்மாவுக்கு ரொம்ப நாளா இருக்குது சார்...” என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. அதற்குப் பின் என்ன நடந்தது என்பதை விரிவாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அது அவர்கள் வீட்டு விஷயம். தாயாரை வைத்தியரிடம் அழைத்துப் போனார் என்றும், ஞாயிற்றுக்கிழமைக் கஞ்சியைச் சனிக்கிழமை இரவே அவரே காய்ச்சி வைத்துக்கொள்கிறார் என்றும் அறிந்தேன். அந்த வருஷப் பந்தயத்துக்கு அவர் போகவில்லை. அடுத்ததற்குப் பெயர் கொடுத்திருக்கிறார்.

குறளுக்கு மறுபடியும் வருகிறேன். தன் வலிமையை மட்டும் அறிந்தால் போதாது, மற்றவர்களின் வலிமையையும் துணையாக நிற்பவர்களின் வலிமையையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்பது அங்கே சொல்லப்படும் முறை. நோவுக்கும் அந்த முறையே பொருந்தும் என்று நினைக்கிறேன். என் நோவு எவ்வளவு, அதில் பொய் எவ்வளவு என்று முதலில் பார்க்கவேண்டும். நான் எடுத்துக்கொண்ட காரியம் இந்த நோவுக்குத் தகுந்ததா என்று பார்க்கவேண்டும். எனக்குத் துணையாக நிற்கிறவர்கள் எந்த நோவைச் சொல்லாமல் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்றும் பார்க்கவேண்டும். இத்தனையும் பார்த்த பிறகு ஒருவன் மலை ஏறினாலும் சரி, பாதி வழியில் பஸ் ஏறினாலும் சரி, அவனுக்கு வலி தெரிந்திருக்கிறது என்றே நான் சொல்வேன்.